பங்குனியில் பரீட்சையும் உண்டு, திருவிழாவும் உண்டு

தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளின் படிப்புச் செலவுக்காகக் கலைக்குழு தொடங்கப் போகிறோம் என்று வருகிற இளைஞர்கள் முதலில் என்னிடம் கேட்பது பறை எங்கே வாங்கலாம், என்ன விலை என்பதுதான். பறை கிடைக்கும். அதற்கு முன்னால் பேச வேண்டியவை இருக்கின்றன. திண்டுக்கல்லிலும் சுற்றுப்பட்டியிலும் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்து, மேடையேற்றி, வரவு செலவு எழுதிப் பழகியவன் நான். அந்தப் பழக்கத்தில் எண் போட்டே எழுதுகிறேன். எங்கிருந்து வேண்டுமானாலும் படியுங்கள். முதலாவதை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

1. பிள்ளையின் துக்கத்தை மேடையேற்றாதீர்கள். "இந்தப் பாப்பாவுக்கு அப்பா அம்மா யாரும் இல்லை" என்று மைக்கில் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடங்குகிற குழுக்கள் உண்டு. கூட்டம் உச்சுக்கொட்டும், உண்டியலும் நிறையும். மறுநாள் அந்தப் பாப்பா பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டுமே, அதை யார் நினைக்கிறார்கள்? நேற்றுவரை கணக்கு நன்றாகப் போடுகிறவளாக இருந்தவள் இன்று முதல் "அந்தப் பிள்ளை" ஆகிவிடுவாள். மக்கள் கைதட்டியது அவள் அடித்த அடிக்கா, அவள் வீட்டில் விழுந்த இழவுக்கா என்பது அவளுக்கே தெரியாமல் போகும்.

இது மனசாட்சியோடு நிற்கிற விஷயமும் இல்லை. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 74-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுகிற குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என எதையும் அடையாளம் தெரியும்படி ஊடகங்களில் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நோட்டீசில் படம் போட்டு, கீழே "ஆதரவற்ற குழந்தைகளின் கலைநிகழ்ச்சி" என்று அச்சடிப்பதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். குழுவில் தாய் தகப்பன் உள்ள பிள்ளைகளையும் சேர்த்தே ஆடவையுங்கள். யார் எவர் என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை. நிகழ்ச்சி நன்றாயிருந்தால், பணம் ஏன் வேண்டும் என்பதை ஒரு பெரியவர் மேடையேறிப் பொதுவாகச் சொன்னால் போதும்.

2. எதற்குப் பணம் என்று முதலில் எழுதிப் பாருங்கள். நம் ஊரில் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாவது வரை கல்விக் கட்டணம் பெரிய பாரமில்லை. புத்தகம், சீருடை, சத்துணவு, பஸ் பாஸ், மேல்நிலை வகுப்பில் சைக்கிள் எல்லாம் கிடைக்கின்றன. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத பிள்ளைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தருகிற அன்புக் கரங்கள் திட்டம் 2025 செப்டம்பரில் தொடங்கியது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய். தொழிற்கல்வியில் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. இவற்றை வாங்கிக்கொடுப்பதே உங்கள் குழுவின் முதல் வேலை. ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்கே என்று கேட்டுப் போங்கள். இறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு என்று அலைய வேண்டியிருக்கும். ஆட்டத்தைவிட இந்த அலைச்சலுக்குத்தான் ஆள் தேவை. மில்லுக்கு வேலைக்குப் போகிற பாட்டியால் சம்பளத்தை விட்டுவிட்டு மூன்று நாள் அலுவலக வாசலில் நிற்க முடியாது.

இவ்வளவும் கிடைத்த பிறகும் ஓட்டைகள் இருக்கும். கல்லூரி விடுதிக் கட்டணம், விண்ணப்பக் கட்டணம், செவிலியர் படிப்புக்கான உடுப்பு, செருப்பு, கண்ணாடி, ஒன்பதாம் வகுப்புப் பையனின் கணக்கு டியூஷன். எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை வேறு. வேடசந்தூர் பக்கமும் வடமதுரைப் பக்கமும் பிள்ளைகளை நூற்பாலைக்கு ஏற்றிப்போக வேன் வரும். பத்தாவது முடித்த பெண்ணைப் பார்த்து, "சும்மாதானே இருக்கே, ஒரு வருஷம் போயிட்டு வா" என்று சொல்ல உறவில் ஆள் இருக்கும். அந்த ஒரு வருஷத்துக்குப் பிறகு படிப்புக்குத் திரும்பியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த வீட்டில் அவள் சம்பளம் இல்லாமலே அடுப்பெரிய வேண்டும் என்றால் எவ்வளவு தேவை என்று கணக்குப் போடுங்கள். உங்கள் கலைக்குழு சம்பாதிக்க வேண்டிய தொகை அதுதான்.

3. நாட்காட்டியை எடுத்துச் சுவரில் மாட்டுங்கள். மாசியில் கோட்டை மாரியம்மன் திருவிழா. பங்குனி, சித்திரையில் ஊர் ஊராகப் பொங்கல், முளைப்பாரி, தேர். அச்சாரம் தேடி வருகிற மாதங்கள் இவைதான். ஒரு இரவுக்கு நல்ல தொகை பேசுவார்கள், வேனும் அனுப்புவார்கள். பன்னிரண்டாவது பொதுத்தேர்வு மார்ச்சில் நடக்கிறது, அதை ஒட்டியே பத்தாவதும். மார்ச் என்றால் மாசி, பங்குனி. படிப்புக்குப் பணம் திரட்டுகிறோம் என்று சொல்லிப் படிப்பைக் கெடுக்கிற இடம் வருஷாவருஷம் இதே மாதத்தில், இதே வேனில்தான் வந்து நிற்கிறது.

அதனால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பொதுத்தேர்வு எழுதுகிற எந்தப் பிள்ளையும் மேடையேறக் கூடாது. எந்தக் கமிட்டித் தலைவர் கேட்டாலும் சரி, உங்கள் சொந்தத் தாய்மாமனே கேட்டாலும் சரி. அந்த மாதங்களுக்குக் கல்லூரி மாணவர்களையும், படித்து முடித்து வேலைக்குப் போய்விட்ட மூத்தவர்களையும் கொண்டு தனியாக ஒரு செட்டு வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மே மாத விடுமுறையும், ஆடி மாதச் சனி ஞாயிறும், காலாண்டு விடுமுறையும் போதும். வருமானம் குறையும். குறையட்டும்.

4. சினிமாப் பாட்டு வேண்டாம். இதை நான் கிழவனாகப் பேசுகிறேன் என்று நினைத்தால் அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். டென்னசி மாநிலத்து நாஷ்வில்லில் ஃபிஸ்க் என்று ஒரு கல்லூரி. அடிமைத்தளை நீங்கிய கறுப்பினப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. இழுத்து மூடவேண்டிய நிலை வந்தபோது, 1871 அக்டோபரில் ஒன்பது மாணவ மாணவியர் பாடிப் பணம் சேர்க்கப் புறப்பட்டார்கள். ஆரம்பத்தில் வெள்ளைக்காரர்களுக்குப் பழக்கமான பாட்டுகளையே பாடினார்கள். பெரிதாக ஒன்றும் சேரவில்லை. தங்கள் பெற்றோர் தோட்டங்களில் அடிமைகளாக இருந்தபோது பாடிய பக்திப் பாட்டுகளை மேடையில் எடுத்த பிறகுதான் சபை திரும்பிப் பார்த்தது. 1873-இல் விக்டோரியா மகாராணி முன்னால் பாடினார்கள். அந்தப் பணத்தில் எழுந்த ஜூபிலி ஹால் என்ற கட்டடம் இன்றும் நிற்கிறது.

நம் பிள்ளைகள் ஆடுகிற சினிமா நடனத்தை எந்த ஊர் டான்ஸ் செட்டும் ஆடிவிடும். பறையும் ஒயிலும் கும்மியும் கோலாட்டமும் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள் வரும்போதுதான் பார்க்கிறவன் நிமிர்ந்து உட்காருகிறான். இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. "ஆடல் பாடல்" என்ற பெயரில் கோயில் கொடைகளில் நடக்கிறவை என்ன என்று உங்களுக்குத் தெரியும். அனுமதி கேட்டு மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போவதும், ஆபாசம் கூடாது என்று நீதிமன்றம் நிபந்தனை போடுவதும் வருஷந்தோறும் நடக்கிறது. அந்த மேடையில் நம் பிள்ளைகள் முன்நிகழ்ச்சியாகக்கூட ஏறக் கூடாது.

5. திண்டுக்கல்லிலேயே பார்த்துக் கற்றுக்கொள்ள ஓர் இடம் இருக்கிறது. கத்தோலிக்கச் சகோதரி சந்திரா முன்னின்று வளர்த்த சக்தி நாட்டுப்புறக் கலை மையம். தலித் குடும்பத்து இளம்பெண்கள் அங்கே பறை அடிக்கிறார்கள். பறை என்றாலே ஆண்கள் அடிப்பது, அதுவும் சாவு வீட்டில், அதுவும் இன்ன சாதிக்காரர்தான் அடிக்க வேண்டும் என்று இருந்த ஊரில், பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு பெண்பிள்ளைகள் வரிசையாக நின்று அடித்தது சின்ன விஷயம் இல்லை. அமெரிக்க இசை ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் அவர்களைப் பற்றி எடுத்த "சக்தி வைப்ரேஷன்ஸ்" என்ற ஆவணப்படம் 2018-இல் வந்தது. கிடைத்தால் குழுவோடு உட்கார்ந்து பாருங்கள்.

அங்கே நீங்கள் கவனிக்க வேண்டியது ஆட்டத்தை மட்டும் இல்லை. ஆட்டத்தோடு சமூகத்தைப் பற்றிய பாடமும், பிழைப்புக்கான பயிற்சியும், நாலு பேர் முன்னால் நிமிர்ந்து பேசுகிற பழக்கமும் சேர்த்தே சொல்லித் தரப்படுகின்றன. மேடை வருமானம் ஒரு பக்கம் வரும். பள்ளியை விட்டு நின்ற பெண் மறுபடி எதையாவது படிக்கலாம் என்று நினைக்கத் தொடங்குகிறாள் பாருங்கள், நான் பெரிதாக நினைப்பது அதை. கையில் சிண்டுக்குச்சியும் அடிக்குச்சியும் பிடித்து இரண்டு மணி நேரம் தாளம் தப்பாமல் நின்றவளுக்கு, வகுப்பில் எழுந்து "சார், எனக்குப் புரியவில்லை" என்று சொல்வது கஷ்டமாக இராது. பணக்கணக்கில் ஏறாத வரவு அது.

பறை எடுத்தால் சாதிக் கேள்வி கட்டாயம் வரும். சில வீடுகளில் "எங்க பிள்ளை தப்பைத் தொடாது" என்பார்கள். வேறு சில வீடுகளிலோ, "இதை விட்டு ஓடி வரத்தான் எங்க அப்பன் பாடுபட்டார், நீங்க மறுபடி கையில கொடுக்கறீங்களே" என்று கேட்பார்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போது தலை குனிந்தே சொல்லுங்கள். அதில் நியாயம் இருக்கிறது. முதல் கேள்விக்கு அந்த மரியாதை தேவையில்லை. ஆனால் ஒன்று: "நாங்கள் மேடைக் கலைஞர்கள், சாவுக்கு அடிப்பவர்கள் இல்லை" என்று பெருமை பேசாதீர்கள். உங்களுக்கு அடி சொல்லித் தரப்போகிற வாத்தியார் சாவு வீடுகளில் அடித்து அடித்துத்தான் அந்தக் கையைப் பெற்றார்.

6. பாய்ஸ் கம்பெனி நடத்தாதீர்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் நம் நாடக உலகமே சின்னப் பையன்களை வைத்துத்தான் நடந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அதில்தான் நுழைந்தார்கள்; டி.கே. சண்முகத்துக்கு அப்போது வயது ஆறு. தகப்பனை இழந்த எம்.ஜி.ஆரும் அண்ணன் சக்கரபாணியும் சாப்பாட்டுக்காக மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போனார்கள். பள்ளிப் படிப்பு தொடக்க வகுப்போடு முடிந்தது. மேடை அவர்களுக்கு எல்லாம் கொடுத்தது, உண்மைதான். ஆனால் மேலே வந்தவர்களின் பெயர்தான் நமக்குத் தெரிகிறது. குரல் உடைந்ததும் ஸ்திரீபார்ட்டுக்கு உதவாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பையன்கள் எத்தனை பேர்? அவர்கள் பிறகு என்ன படித்தார்கள்?

எம்.ஜி.ஆர். முதலமைச்சராகி 1982-இல் சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, சிறுவயதில் தாம் கிடந்த பட்டினியைச் சொல்லித்தான் பேசினார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்திலேயே சோறு. மேடையில் நின்று சோறு தேடிய பையன் பெரியவனாகிச் செய்த ஏற்பாடு அது. 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் அவர் கட்சிக்கு முதல் வெற்றியைக் கொடுத்த ஊர்க்காரர்கள் நாம். இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

7. நேரம். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017 விதிகளில், கலைஞராகப் பங்கேற்கிற குழந்தை ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல், ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்று இருக்கிறது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் அந்தக் குழந்தை பெயரில் வைப்புநிதியாகப் போட வேண்டும். மாவட்ட ஆட்சியரின் அனுமதியும் வேண்டும். நாங்கள் சினிமாக் கம்பெனியா, சேவைதானே செய்கிறோம் என்று வாதாடாதீர்கள். சேவை செய்கிறவன் சினிமாக்காரனைவிடக் கறாராக இருக்க வேண்டும். என் கணக்கு இன்னும் குறைவு: பதினான்கு வயதுக்குக் கீழே ஒரு மணி நேர ஆட்டம், இரவு ஒன்பது மணிக்குள் வேனில் ஏறிவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்கு எப்படியும் தடை உண்டு. கமிட்டிக்காரர் "கொஞ்ச நேரம் தம்பி" என்று இழுத்தால் சட்டத்தைக் காட்டித் தப்பித்துக்கொள்ளலாம்.

8. நோட்டுக் குத்த விடாதீர்கள். நல்ல அடி விழுந்தால் மேடையேறி வந்து பிள்ளையின் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்துவது நம் ஊர் வழக்கம். பெரிய கலைஞருக்கு அது மரியாதையாக இருக்கலாம். பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளையின் மேல் முன்பின் தெரியாத ஓர் ஆள் கை வைக்க அது ஒரு சாக்கு. அச்சாரம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள், மேடைக்குக் கீழே உண்டியலும் க்யூஆர் அட்டையும் வையுங்கள். பெண்பிள்ளைகள் போகிற வேனில் கட்டாயம் இரண்டு பெண்கள் கூடப் போக வேண்டும். உடை மாற்றப் பூட்டுள்ள அறை இல்லாத ஊரில் நிகழ்ச்சி இல்லை.

9. தேர்தல் வந்தால் பறைக்கு ஏகக் கிராக்கி. ஒரு நாள் பிரச்சாரத்துக்குத் திருவிழாவைவிட அதிகம் தருவார்கள். குழந்தைகளை எந்த வகையிலும் பிரச்சாரத்தில் ஈடுபடுத்தக் கூடாது என்று தேர்தல் ஆணையம் 2024 பிப்ரவரியில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. அது போதும்.

10. கணக்கு. நிகழ்ச்சி முடிந்த இரவே எழுதுங்கள்: வேன் வாடகை, சாப்பாடு, தோல் மாற்றிய செலவு, வாத்தியார் சம்பளம், மீதி. வாத்தியாருக்கு ஓசியில் வேலை வாங்காதீர்கள்; அவர் வீட்டிலும் படிக்கிற பிள்ளை இருக்கும். செலவு போக வந்ததில் பாதிகூடப் படிப்புக்குத் தேறவில்லை என்றால் அடுத்த முறை அந்த ஊருக்குப் போகாதீர்கள். கல்லூரிக் கட்டணத்தை நேரே கல்லூரிக் கணக்கில் கட்டி ரசீதைக் கோப்பில் வையுங்கள். சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவு செய்யாமல் பொதுமக்களிடம் கை நீட்டாதீர்கள். சிங்கப்பூரிலோ கனடாவிலோ இருக்கிற உறவினர் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், அவர் அனுப்புகிற நன்கொடை வெளிநாட்டுப் பங்களிப்பு, எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இல்லாமல் பத்து ரூபாய்கூட வாங்க முடியாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறவர் தம் சம்பாத்தியத்தில் அனுப்பினால் அந்தச் சிக்கல் இல்லை.

11. ஆட்டத்தை மட்டும் நம்பி வருஷத்தை ஓட்டாதீர்கள். தாகூரே அந்தக் கஷ்டத்தைப் பட்டவர். சாந்திநிகேதனை நடத்தப் பணமில்லாமல், எழுபதைத் தாண்டிய வயதில் "சித்ராங்கதா" நாட்டிய நாடகத்தை எடுத்துக்கொண்டு மாணவர்களோடு ஊர் ஊராகப் போனார். 1936-இல் டெல்லியில் காந்தி அதை அறிந்து மனம் வருந்தி, 60,000 ரூபாய்க்கு ஏற்பாடு செய்து, போதும் வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவைத்தார். அந்தச் சாந்திநிகேதனில் மாணவராக இருந்த ஜி. ராமச்சந்திரன்தான் பின்னாளில் மனைவி சௌந்தரம் அம்மாவோடு சேர்ந்து 1947-இல் நம் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார். அங்கே ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம் வந்தது. கூடவே கதரும் சோப்பும் சித்த மருந்தும் செய்கிற தொழிற்கூடங்களும் வந்தன. ஏன் அப்படி அமைத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டிக்காரரோ, நிலக்கோட்டைப் பூ வியாபாரியோ, பேகம்பூர் தோல் வியாபாரியோ மாதம் ஒரு தொகை என்று பேசிக்கொண்டால், மழையில் நின்றுபோன நிகழ்ச்சிக்காக ஒரு பிள்ளையின் விடுதிக் கட்டணம் தள்ளிப்போகாது.

12. ரீல்ஸ் எடுக்கிற ஆசை உங்களுக்கு வரும். உகாண்டாவின் கம்பாலாவில் கெட்டோ கிட்ஸ் என்ற பிள்ளைகள் தெருவில் ஆடிய ஆட்டம் போன் வழியாக உலகம் சுற்றி, 2023-இல் பிரிட்டனின் பெரிய தொலைக்காட்சிப் போட்டியில் இறுதிச் சுற்று வரை அவர்களைக் கொண்டுபோனது. சந்தோஷம்தான். நீங்கள் போடுகிற படத்தில் பெயர், ஊர், பள்ளி, சொந்தக் கதை எதுவும் வேண்டாம். ஆட்டம் மட்டும் இருக்கட்டும். வளர்ந்த பிறகு ஒருவன் "அண்ணே, அதை எடுத்துடுங்க" என்று கேட்டால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

13. சுழற்சி முறை வையுங்கள். ஆப்பிரிக்கக் குழந்தைகள் பாடகர் குழு என்று ஒன்று, உள்நாட்டுப் போரில் சிதைந்த உகாண்டாவிலிருந்து ரே பார்னெட் என்பவர் 1984-இல் தொடங்கியது. ஒரு தொகுதிப் பிள்ளைகள் வெளிநாடுகளில் பாடிவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள். அவர்கள் படிப்பை அமைப்பு தொடர்ந்து பார்த்துக்கொள்ளும். அடுத்த பயணத்துக்கு வேறு பிள்ளைகள். அத்தனை சின்ன வயதில் நெடுநாள் ஊரைவிட்டுக் கொண்டுபோவது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் பாடி முடித்த பிறகும் படிப்புதவி தொடர்கிறது பாருங்கள், அந்த ஒரு ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஏனென்றால் ஒரு நாள் உங்கள் நல்ல ஆட்டக்காரிகளில் ஒருத்தி வந்து, "எனக்கு ஆட இஷ்டமில்லை அண்ணே, படிக்கிறேன்" என்பாள். நீங்கள் திட்டமாட்டீர்கள். முகம் மட்டும் மாறும், அதை அவள் பார்த்துவிடுவாள். இனிமேல் ஃபீஸ் கட்டமாட்டார்களோ என்று பயந்து, இஷ்டமில்லாமலே இன்னும் இரண்டு வருஷம் ஆடுவாள். இந்தப் பயத்துக்கு இடமே இருக்கக் கூடாது. உதவி பெறுகிற பிள்ளை ஆட வேண்டிய கட்டாயமில்லை, ஆட்டத்தை நிறுத்தினாலும் ஒத்துக்கொண்ட படிப்பு முடிகிறவரை கட்டணம் நிற்காது என்று சங்கத்தின் துணைவிதிகளிலேயே எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். பிள்ளைகளுக்கும் பாட்டிமார்களுக்கும் அதை வாசித்துக் காட்டுங்கள். பிறகு வருகிற நிர்வாகி ஒருவர் மாற்ற நினைத்தால் பொதுக்குழுவைக் கூட்டித்தான் ஆக வேண்டும். அந்தப் பொதுக்குழுவில் இந்தப் பிள்ளைகளே வளர்ந்து உறுப்பினர்களாக உட்கார்ந்திருப்பார்கள்.